லக்சரில் ஒரே ஒரு நாள்: வழிகாட்டியுடன் செல்லும்போது எந்தக் கோயில்கள், எந்தக் கல்லறைகள்?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் என் அம்மாவையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் செல்கிறேன். செங்கடல் கரையிலுள்ள ஹுர்கதாவில் உறவினர் வீட்டில் தங்கப்போகிறோம். பயணத்தின் பெரும்பகுதி உறவினர்களோடு கழிவதால், லக்சரின் பழங்காலக் கோயில்களையும் அரசர்களின் கல்லறைகளையும் பார்ப்பதற்கு ஒரு நாளைத்தான் ஒதுக்க முடிகிறது.

நான் விசாரித்த பயண முகவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். விடியுமுன் பேருந்தில் புறப்பட வேண்டும். முதலில் கர்னாக் கோயில். பிறகு மதிய உணவு. அதன்பின் நைல் நதியைக் கடந்து அரசர் பள்ளத்தாக்கு, அரசி ஹட்செப்சுட்டின் கோயில், மெம்னோன் சிலைகள். நடுவில் பாப்பிரஸ் என்ற நாணல்தாளில் வரைந்த ஓவியங்களும் அலபாஸ்டர் கல் பொருட்களும் விற்கும் கடைகள். நள்ளிரவை ஒட்டி வீடு. வழிகாட்டி ஒருவர் நாள் முழுவதும் உடன் இருப்பார் என்கிறார்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் திணித்தால் எதையாவது உண்மையில் பார்த்தோம் என்று சொல்ல முடியுமா என்பது என் முதல் ஐயம். என் அம்மா நன்றாக நடப்பார். ஆனால் செங்குத்தான படிகளில் இறங்கி ஏறினால் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். ஆகவே எந்தக் கல்லறைகள் அவருக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். துட்டன்காமுனின் கல்லறைக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும் என்கிறார்கள்; அது தேவைதானா? வழிகாட்டியின் உதவி எந்த அளவுக்குப் பயன்படும்? என் மகள் வரலாறு படிக்கிறாள். அவள் வெறும் படங்களோடு திரும்பிவரக் கூடாது என்பது என் ஆசை. அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மேற்குக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் ஐயம் சரியானது. முகவர்கள் சொல்லும் திட்டத்தில் இடங்களை விட அவற்றின் வரிசைதான் பெரிய குறை. ஹுர்கதாவிலிருந்து லக்சர் சாலை வழியே சுமார் 4 மணி நேரப் பயணம். விடியுமுன் புறப்பட்டாலும் லக்சரை அடையும்போது காலை வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். கர்னாக்கை முடித்துச் சாப்பிட்டுவிட்டு அரசர் பள்ளத்தாக்கில் நுழையும்போது பிற்பகல் ஆகிவிடும். அந்தப் பள்ளத்தாக்கு மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த இடம். நிழல் தர ஒரு மரமும் கிடையாது. ஜனவரியில் வெளியே வெப்பம் தாங்கக்கூடியதுதான் என்றாலும், கல்லறைகளின் ஆழத்தில் ஆண்டு முழுவதும் புழுக்கம் இருக்கும். அதோடு, கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்கின்றன. குறுகிய சுரங்கப்பாதையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நகர்வதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?

ஆகவே, முடிந்தால் முந்தைய நாள் மதியமே ஹுர்கதாவிலிருந்து கிளம்பி அன்றிரவு லக்சரில் தங்குங்கள். உங்களுக்குக் கூடுதலாகச் செலவாவது ஒரு பிற்பகலும் ஓர் இரவும் மட்டுமே. லக்சர் கோயில் இரவிலும் திறந்திருக்கும். விளக்கொளியில் அதன் புடைப்புச் சிற்பங்கள் பகலில் தெரிவதைக் காட்டிலும் துலக்கமாகத் தெரியும். வாயிலில் இரண்டாம் ராமேசஸ் நிறுத்திய இரண்டு ஒற்றைக்கல் ஊசித்தூண்களில் ஒன்று மட்டுமே இப்போது அங்கே நிற்கிறது. மற்றது 1836 முதல் பாரிசின் கான்கார்ட் சதுக்கத்தில் இருக்கிறது. கோயிலின் உள்ளேயே அபு ஹக்காக் பள்ளிவாசல் இருப்பதையும் மகளுக்குக் காட்டுங்கள். மணலும் குடியிருப்புகளும் கோயிலை மூடியிருந்த காலத்துத் தரைமட்டம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை அந்தப் பள்ளிவாசலின் பழைய வாசல் எடுத்துச் சொல்லும்.

மறுநாள் காலை, வழிகாட்டியையும் ஒரு காரையும் உங்களுக்கு மட்டுமாக அமர்த்திக்கொண்டு, அரசர் பள்ளத்தாக்கு திறக்கும் 6 மணிக்கே அங்கே இருங்கள். பேருந்துக் குழுக்கள் வருவதற்கு முன்பு கிடைக்கும் அந்த நேரத்துக்கு ஈடு எதுவும் இல்லை. நுழைவிடத்திலுள்ள பார்வையாளர் மையத்தில் பள்ளத்தாக்கின் ஒளிபுகும் மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால், பாறைக்குள் ஒவ்வொரு கல்லறையும் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஆழத்துக்குக் குடையப்பட்டிருக்கிறது என்பது தெரியும். உங்கள் அம்மாவுக்கு எது ஏற்றது என்பதை அங்கேயே முடிவுசெய்துவிடலாம். அங்கிருந்து கல்லறைகள் இருக்கும் பகுதிவரை சிறிய மின்வண்டி செல்கிறது. அவரை நடக்கவிடாமல் அதில் அழைத்துச் செல்லுங்கள். நுழைவுச்சீட்டுக்குப் பெரும்பாலும் வங்கி அட்டையால்தான் பணம் செலுத்த வேண்டியிருக்கும். சில்லறைச் செலவுகளுக்கு மட்டும் எகிப்திய பவுண்டுகளைச் சிறிய நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுச்சீட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். எவை திறந்திருக்கும் என்பது சுழற்சி முறையில் மாறும். முழங்காலைக் கருதினால் நான்காம் ராமேசஸின் கல்லறை முதலிடம் பெறும்: நுழைவாயிலுக்கு அருகில் இருக்கிறது, அகன்ற சரிவுப்பாதை, இறுதியில் பெரிய கல்பேழை. இதே கல்லறைக்குப் பழங்காலத்தில் வரையப்பட்ட வரைபடம் பாப்பிரஸில் எழுதப்பட்டு இன்றும் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரலாறு படிக்கும் பெண்ணுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் ராமேசஸின் கல்லறையும் மூன்றாம் ராமேசஸின் கல்லறையும் அடுத்தபடியாகப் பொருந்தும். மெர்னெப்தாவின் கல்லறையும், பாறை இடுக்கில் உயரத்தில் வாயில் அமைந்த மூன்றாம் துட்மோசின் கல்லறையும் அம்மாவுக்கு வேண்டாம். மகள் மட்டும் மூன்றாம் துட்மோசின் கல்லறைக்குப் போய்வரட்டும். முட்டை வடிவில் குடைந்த அறையின் சுவர்கள் முழுவதும், விரித்து ஒட்டிய பாப்பிரஸ் சுருளைப் போலக் கோட்டுருவங்கள் வரையப்பட்டிருக்கும். பிற்கால வண்ணச் சுவர்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், ஒரே நம்பிக்கை இரண்டு விதமாகச் சுவரேறியிருப்பது புரியும்.

வழிகாட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். கல்லறைகளுக்குள் வழிகாட்டிகள் நின்று விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே விளக்கப் பலகையின் முன் நின்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் தனியாக உள்ளே போக வேண்டும். ஆகவே அரசின் உரிமம் பெற்றவரா என்பதோடு, சித்திர எழுத்துகளை ஓரளவாவது வாசிக்கத் தெரிந்தவரா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். "கடைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்" என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடைகள் விழுங்கும் நேரத்தில் ஒரு கோயிலையே நிதானமாகப் பார்த்துவிடலாம்.

பிற்பகல் 2 மணியளவில் கர்னாக்குக்குத் திரும்பினால் போதும். மாலைச் சாய்வெயில் தூண்களுக்கு இடையே விழும் நேரம் அது.


சுவரோவியம் எழுதியது:

மேற்குக்கரை எழுதியதை வழிமொழிகிறேன். கல்லறைக்குள் வழிகாட்டி பேசக் கூடாது என்ற விதியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறார்களோ அவ்வளவு ஈரப்பதம் மூச்சாலும் வியர்வையாலும் சேருகிறது, தூசியும் எழுகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலர்ந்து கிடந்த சுண்ணப்பூச்சுக்கு அது பகை. துட்டன்காமுனின் கல்லறையில் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனம் எகிப்திய அரசோடு சேர்ந்து 2009 முதல் 2019 வரை பணிசெய்தபோது, காற்றோட்ட அமைப்பைப் புதுப்பித்ததும் பார்வையாளர் நடைபாதையை மாற்றியமைத்ததும் இதற்காகத்தான்.

வெளியே நின்று வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது அரசர் எத்தனை ஆண்டு ஆண்டார் என்பதை அன்று. இந்தச் சுவர்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பல கல்லறைகளின் சுவர்களில் இருப்பது இரவின் பன்னிரண்டு மணி நேரத்தில் சூரியன் கீழுலகைக் கடக்கும் பயணம். ஆட்டுத்தலை கொண்ட சூரியன் படகில் நிற்கிறான். அவனை மறிக்க அபோபிஸ் என்னும் பெரும்பாம்பு காத்திருக்கிறது. விடியலில் அவன் மீண்டும் பிறக்கிறான். இறந்த அரசனும் அவனோடு சேர்ந்து அதே வழியில் போய் மீள்கிறான் என்பது நம்பிக்கை. நீங்கள் சரிவில் இறங்கும்போது உங்கள் கால்களும் அந்த வழியைத்தான் தொடர்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கு எதிரில் இருப்பது ஒரு நூல். தெரியாமல் போகிறவருக்கு வண்ணம் தீட்டிய சுவர் மட்டுமே.

இதனால்தான் தனிச்சீட்டுக்கு ஒதுக்கும் பணம் ஒரு கல்லறைக்குத்தான் போதும் என்றால், ஆறாம் ராமேசஸின் கல்லறைக்குப் போங்கள் என்பேன். ஐந்தாம் ராமேசஸ் தொடங்கி ஆறாம் ராமேசஸ் விரிவாக்கிய அந்தக் கல்லறையில் சரிவு மெதுவானது, அம்மாவுக்கும் ஏற்றது. அடக்க அறையின் விதானத்தில் வான் அன்னை நூத் இரண்டு முறை நீண்டு கிடக்கிறாள், முதுகோடு முதுகாக. மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுக்கும் அவளது உடலுக்குள்ளே சூரியவட்டங்கள் நகர்ந்து போவதைக் காணலாம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கத் தகுந்த விதானம். முதலாம் சேத்தியின் கல்லறையின் சிற்ப நுணுக்கம் இதைவிட உயர்ந்தது. ஆனால் அதற்கான கட்டணம் மிக அதிகம், படிகளும் பல.

துட்டன்காமுனின் கல்லறை மிகச் சிறியது. நான்கே அறைகள், அடக்க அறையில் மட்டுமே ஓவியம். அங்கிருந்த செல்வங்கள் இப்போது கெய்ரோவில் இருக்கின்றன. 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் அதைக் கண்டுபிடிக்கும்வரை அது பெரும்பாலும் கலையாமல் இருந்ததற்கு ஒரு காரணம், மேலே சொன்ன ஆறாம் ராமேசஸின் கல்லறையைக் குடைந்தவர்களின் குடிசைகளும் அவர்கள் கொட்டிய கற்குவியலும் அதன் வாயிலை மூடியிருந்ததுதான். அருகருகே இருக்கும் இரண்டு வாயில்களையும் வெளியே நின்று ஒருசேரப் பார்த்தாலே இது விளங்கிவிடும். உள்ளே போக விரும்பாவிட்டால், கார்ட்டர் வாழ்ந்த வீட்டின் அருகில் 2014 முதல் அக்கல்லறையின் துல்லியமான நகல் ஒன்று இருக்கிறது. அங்கே சுவரை நிதானமாக நின்று பார்க்கலாம்.

மகளுக்காக இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். சுவர்களில் பிற்காலத்தவர் கீறிய எழுத்துகளையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரேக்கரும் ரோமரும் இங்கே சுற்றுலா வந்து ஆயிரக்கணக்கில் தங்கள் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். அவர்களோடு நம்மவரும் வந்திருக்கிறார்கள்: பள்ளத்தாக்கின் சில கல்லறைகளில் தமிழ் பிராமி எழுத்துகளில் சிகை கொற்றன் என்ற பெயர் திரும்பத் திரும்பக் கீறப்பட்டிருக்கிறது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்துச் சாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்ததையும், குசேர் அல்-கதீமில் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்ததையும் சேர்த்து நினைத்தால், அந்த வணிகர் எந்த வழியாக வந்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. நீங்கள் ஹுர்கதாவிலிருந்து வருவதும் அதே செங்கடல் கரையிலிருந்துதான். அவர் செய்ததை இன்று யாரும் செய்யக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவரைத் தொடுவதே தீங்கு.


பொறுமைநடை எழுதியது:

சகோதரி, வயதான என் பெற்றோரை அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு செய்தியில் மட்டும் மேலே உள்ளவர்களோடு முரண்படுகிறேன். துட்டன்காமுனின் கல்லறையைத் தவிர்க்கச் சொல்வதற்கு முன் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். பள்ளத்தாக்கிலிருந்த மற்ற அரசர்களில் பெரும்பாலோரின் உடல்களைப் பழங்காலப் பூசாரிகளே கொள்ளையருக்குப் பயந்து வேறிடங்களில் மறைத்துவைத்தார்கள். அவற்றுள் பல 2021 முதல் கெய்ரோவின் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. துட்டன்காமுன் மட்டும் அதே கல்லறையில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறார். சுமார் 19 வயதில் இறந்த பையன் அவர். என் அம்மா மற்ற கல்லறைகளின் ஓவியங்களை வியந்து பார்த்தார். ஆனால் இங்கேதான் கைகூப்பி நின்றார். படிகளும் அதிகம் இல்லை. ஓவியத்தின் அளவை வைத்து மட்டும் ஓர் இடத்தின் மதிப்பைக் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கோயில்களைப் பற்றி. டெய்ர் அல்-பஹாரியிலுள்ள ஹட்செப்சுட்டின் கோயில், செங்குத்தான பாறைச்சுவரின் அடியில் மூன்று அடுக்குகளாக எழுகிறது; தொலைவிலிருந்து பார்க்கும்போதே நெஞ்சு நிறையும். ஆனால் மேலடுக்குவரை ஏறுவதற்கு நீண்ட சாய்வுப்பாதைகளில் வெயிலில் நடக்க வேண்டும். அம்மாவைக் கீழே நிழலில் அமர்த்திவிட்டு மகளை மட்டும் நடு அடுக்குக்கு அனுப்பலாம். அரசி புந்த் என்னும் தொலைநாட்டுக்கு அனுப்பிய வணிகக் கப்பல்களும், கூடைகளில் வேரோடு கொண்டுவந்த நறும்பிசின் மரங்களும் அங்கே சிற்பமாக இருக்கின்றன. அவருக்குப் பின் அவரது உருவங்கள் பல இடங்களில் செதுக்கி அழிக்கப்பட்டதையும், அழித்த தடமே அவரது வடிவத்தைக் காட்டி நிற்பதையும் அவள் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு ஏற்ற கோயில் மெதினத் ஹபு. மூன்றாம் ராமேசஸ் கட்டிய இக்கோயில் சமதரையில் அமைந்திருக்கிறது. பேருந்துக் குழுக்களில் பெரும்பாலானவை இங்கே நிற்பதில்லை. எழுத்துகள் கை நுழையும் ஆழத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். கூரைகளின் அடிப்பக்கத்தில் இன்னும் வண்ணம் இருக்கிறது. கடல்வழி வந்த மக்களோடு நடந்த போரும், வீழ்ந்த பகைவரின் வெட்டப்பட்ட கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணுவதும் சுவர்களில் உள்ளன. இதே அரசரின் 29-ஆம் ஆட்சியாண்டில், கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் தானியக் கூலி வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் அருகே போய் அமர்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவது அதைத்தான். அவர்கள் வாழ்ந்த டெய்ர் அல்-மெதினா கிராமத்தின் வீட்டு அடித்தளங்கள் அருகிலேயே இருக்கின்றன. அரசர்களுக்காக வரைந்த அதே கைகள் தங்களுக்காக வரைந்துகொண்ட சென்னெஜெமின் சிறு கல்லறையும் அங்கே உள்ளது. அதன் படிகள் குறுகலானவை, தலை குனிந்து இறங்க வேண்டும். ஆகவே அது மகளுக்கு மட்டும்.

கல்லறைகளில் காவலர்கள் சிலர் தாமாக முன்வந்து எதையாவது காட்டிவிட்டு அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். விருப்பமில்லையென்றால் தலையசைத்து நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். தடுப்புக்கயிற்றைத் தாண்டிவரச் சொல்லி அழைத்தால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.


நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினர்களிடம் பேசி, முந்தைய நாள் பிற்பகலே லக்சருக்குப் போய் இரவு தங்குவதாக முடிவுசெய்துவிட்டோம். அம்மாவிடம் கேட்டேன், துட்டன்காமுனைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகள் ஆறாம் ராமேசஸின் விதானத்தைக் கேட்கிறாள். ஆகவே தனிச்சீட்டு இரண்டுக்கும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். பொதுச்சீட்டில் நான்காம் ராமேசஸும் மூன்றாம் ராமேசஸும். மூன்றாவதை மகளின் மூன்றாம் துட்மோசுக்கு விட்டுவிடுகிறோம். பிறகு ஹட்செப்சுட், மெதினத் ஹபு, கர்னாக். டெய்ர் அல்-மெதினாவையும் சேர்க்க முடியுமா? அத்துடன், கர்னாக் மிகப் பெரிய வளாகம் என்கிறார்களே, நாள் முடியும் நேரத்தில் களைத்த கால்களோடு அங்கே எதைப் பார்த்தால் போதும்?


மேற்குக்கரை எழுதியது:

டெய்ர் அல்-மெதினாவைச் சேர்க்க வேண்டுமானால் ஹட்செப்சுட்டின் கோயிலைச் சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டையும் நுழைத்தால் நீங்கள் தவிர்க்க நினைத்த அவசரமே திரும்ப வந்துவிடும். வரலாறு படிக்கிறவளிடமே தேர்வை விடுங்கள். மெம்னோன் சிலைகள் போகும் வழியிலேயே இருக்கின்றன. மூன்றாம் அமென்ஹோதெப்பின் கோயில் வாயிலில் அமர்ந்திருந்தவை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் போதும்.

கர்னாக்கில் முதல் வாயிற்சுவரைக் கடந்ததும் உடனே முன்னே நடந்துவிடாமல், திரும்பி அதன் உட்புறத்தை வலப்பக்கமாகப் பாருங்கள். பச்சைச் செங்கல்லால் ஆன சாய்தளத்தின் எச்சம் அங்கே இன்னும் கிடக்கிறது. கற்களை மேலே ஏற்றுவதற்காகக் கட்டி, வாயிற்சுவர் முழுமையடையாமல் நின்றுபோனதால் அகற்றப்படாமல் விடப்பட்டது அது. இவ்வளவு உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை லக்சரில் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே உள்ளே போய்விடுகின்றன.

அடுத்து, முதலாம் சேத்தியும் இரண்டாம் ராமேசஸும் எழுப்பிய தூண் மண்டபம். 134 தூண்கள், நடுவரிசையிலுள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம், அவற்றின் தலைப்பு மலர்ந்த பாப்பிரஸ் வடிவம், மற்றவற்றின் தலைப்பு மொட்டு வடிவம். நடுவரிசையின் உயரம் மிகுதியானதால் கிடைத்த இடைவெளியில் கல்சாளரங்கள் அமைத்து ஒளியை உள்ளே விட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அங்கே தூண்களின் அடிப்பீடத்தருகே நிழல் கிடைக்கும். அவர் அங்கேயே இருக்கட்டும். நீங்களும் மகளும் சற்று அப்பால் சென்று ஹட்செப்சுட்டின் ஊசித்தூணைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் அது. அஸ்வானின் கருங்கல் குவாரியில் வெட்டி நைல் வழியே கொண்டுவரப்பட்டது. அதற்கப்பால் உள்ள வளாகத்தை இன்னொரு வருகைக்கு விட்டுவிடலாம்.

ஹுர்கதாவுக்குத் திரும்பும் சாலை பாலைவனத்தின் ஊடே இருட்டில் போகிறது. மாலை 5 மணிக்குள் கிளம்பிவிடும்படி ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். காலையில் பள்ளத்தாக்கில் குளிர் உறைக்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.